இடக்கைக்காரனின் உளிப்பெட்டி

கரியாகூ தீவின் வின்ட்வர்ட் கடற்கரையில் ஓசியா மெக்கரோவின் படகுக்குப் பலகை அடித்து முடிந்து இருபத்தொரு நாள் ஆகிவிட்டது. ஆனாலும் அது இன்னும் படகாகவில்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கித் தண்ணீர் புகாமல் அடைக்கிற கலப்பத்து வேலை பாக்கி இருந்தது. அது முடியாதவரை முப்பத்திரண்டு அடி நீளத்துக்கு அது ஒரு பெரிய கூடை, அவ்வளவுதான்.

மழை பெய்யவேண்டிய ஜூலையில் மழை இல்லை. வெள்ளை சீடார் மரப் பலகைகள் வெயிலில் முறுகின. காலையில் தாள் நுழைந்த இடுக்கில் மத்தியானம் நாணயம் நுழைந்தது. ஓசியா தினமும் மூன்று தடவை படகைச் சுற்றி வந்து இடுக்குகளை விரலால் தடவிப் பார்த்தார். எழுபத்தொரு வயதிலும் அவர் குனிந்து பார்ப்பதில்லை. முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துக்கொண்டுதான் உட்காருவார். மெக்கரோக்கள் யாருக்கும் எதற்கும் குனிந்தவர்கள் அல்ல என்பது அவர் வீட்டில் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

போன வருஷத்துப் புயல் வீட்டுக் கூரையோடு பட்டறையையும் கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. வாச்சி, ரம்பம், துரப்பணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாயிற்று. கலப்பத்து உளிகளும் அவற்றை அடிக்கிற மரச்சுத்தியான கொட்டாப்புளியும் மட்டும் கரியாகூ தீவு முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் செப்டம்பர் ஆகும். ஆகஸ்டுப் படகுப் பந்தயத்துக்கு முன் படகு தண்ணீரில் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் பலகைகள் வளைந்து ஆணியைப் பிடுங்கிக்கொள்ளும். அதன்பிறகு அது விறகு.

"குழாய்ப் பசை வாங்கிட்டு வரேன் மாமா," என்றான் கெல்லன். ஓசியாவின் தங்கை மகன். நாற்பது வயது, நல்ல கைக்காரன். "துப்பாக்கி மாதிரி இருக்கும். அழுத்தினா வெளிய வரும். ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சுரும்."

"பல்லு விளக்குறதுக்கா படகு கட்டினேன்?"

ஓசியாவின் மனைவி இடாலின் சோளமாவுக் களியையும் வறுத்த மீனையும் கொண்டுவந்து வைத்தாள். "பசையும் வேணாம், உளியும் இல்ல. அப்ப பல்லால கடிச்சு மூடப் போறியா மனுசா? அதுவும் நாலுதான் மிச்சம்."

"உளி வரும்."

"ஆமா, உங்கப்பன் கொண்டாந்து குடுப்பாரு."

அவள் சும்மா சொல்லவில்லை. பத்து நாளைக்கு முன் ஓசியாவின் கனவில் அவர் தந்தை யோவாப் வந்திருந்தார். படகின் பக்கத்தில் நின்று, கீழ்ப்பலகையின் இடுக்கில் உள்ளங்கையை வைத்து, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தீவில் செத்தவர்கள் பொழுதுபோகாமல் கனவில் வருவதில்லை. ஏதோ வேண்டித்தான் வருவார்கள். யோவாபின் உளிகள் டிரினிடாடுக்குப் போன ஒரு கப்பலோடு போய் ஐம்பது வருஷம் இருக்கும். அவை யார் கையிலோ கிடக்கின்றன, மீட்டுக் கொண்டுவா என்கிறார் என்று ஓசியா முடிவு கட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். ரம் கடையில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். கனவை மறைப்பது செத்தவரை அவமதிப்பது என்று வளர்ந்தவர். இரண்டாம் நாளே டிரெல் குடாவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ரோலண்டிடமிருந்து ஆள் வந்தது: மாஸ்டர் ஓசியாவின் அப்பாவுடைய உளிப்பெட்டி தன்னிடம் இருக்கிறது.

"கனவு கண்டது திங்கக்கிழமை. பெட்டி கிடைச்சது புதன்கிழமை," என்றாள் இடாலின். "உங்கப்பன் பஸ் புடிச்சுப் போயி ரோலண்டையும் பாத்துட்டு வந்துருக்காரு."

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

"பாரு. ஆனா கண்ணால பாரு. கனவால பாக்காத."

*

ரோலண்டின் கடைக்கு வருகிறவர்கள் பாய்மரப் படகுகளில் ஊர் சுற்றும் வெள்ளைக்காரர்கள். பித்தளை விளக்கு, கண்ணாடி மிதவை, திமிங்கில எலும்பு என்று சுவரில் மாட்டுகிற சாமான்களை வாங்கிப்போவார்கள். கடைக்கு வெளியே பாதாம் மர நிழலில் நாலைந்து படகோட்டிகள் முன்பே கூடியிருந்தார்கள். கனவு பலிப்பதைப் பார்க்க வந்த கூட்டம்.

"வாங்க மாஸ்டர். உங்கப்பா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரு," என்று ரோலண்ட் பெட்டியை மேசைமேல் வைத்தான். மூடியில் ஓர் 'எம்' எழுத்து சுடப்பட்டிருந்தது. "பாருங்க. மெக்கரோ."

"வின்ட்வர்ட்ல கல்ல விட்டெறிஞ்சா ஒரு எம் தலையிலதான் விழும்," என்றார் ஓசியா. "விலை?"

"குடும்பச் சொத்துக்கு விலை வைக்க எனக்கு வாய் வரல மாஸ்டர். நாலாயிரம்."

கெல்லன் இருமினான். நாலாயிரம் டாலர் என்றால் பாயும் கயிறும் சேர்ந்த விலை.

ஓசியா பெட்டியைக் காலி செய்தார். எல்லாம் பளபளத்தன. பிடிகளுக்கு வார்னிஷ் அடித்திருந்தான். ஓசியா ஒரு பிடியைப் பற்றி, உள்ளங்கையில் சுழற்றினார்.

"வழுக்குது. வேர்வை பட்டா உளி ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகும்."

"சும்மா ஒரு அழகுக்கு மாஸ்டர்."

"பொண்ணு பாக்க வரல நான்."

மர நிழலில் சிரிப்புக் கேட்டது. அவர் வாச்சியை எடுத்து வெயிலில் சாய்த்து வாய்ப்பக்கம் பார்த்தார். மெல்லிய நீலம் ஓடியிருந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். வழுக்கிப் போயிருக்க வேண்டிய அரம் இரும்பைக் கடித்தது.

"சாணையில வச்சுச் சூடேத்திட்ட. இதோட உயிர் போச்சு. இதால வாழப்பழம் வெட்டலாம்." வாச்சியை இடப்பக்கம் வைத்தார். "இது சுவருக்கு."

இழைப்புளியைத் திருப்பினார். கட்டை ஒன்று, அலகு வேறு. எங்கிருந்தோ கொண்டுவந்து ஆப்பு அடித்துச் செருகியது. அதுவும் சுவருக்கு. துரப்பணம் ஒன்று முதுகு வளைந்திருந்தது. "இது கடலுக்கு."

பிறகு கலப்பத்து உளிகள். மொத்தம் ஏழு. ரோலண்ட் பெருமையாக முன்னுக்குத் தள்ளினான். "இதெல்லாம் நானே தீட்டினேன். முகம் மழிக்கலாம்."

ஓசியா ஒரு உளியின் வாயில் கட்டைவிரலை வைத்தார். முகம் கறுத்தது. "கெல்லன், இங்க பாரு."

கெல்லன் தொட்டுப்பார்த்துத் தலையில் கை வைத்தான். "ஐயோ, கலப்பத்து உளிய எவனாவது தீட்டுவானா?"

"உளின்னா கூரா இருக்கணும்ல?" என்றான் ரோலண்ட்.

"பஞ்ச உள்ள தள்ளுறதுக்கு இது. வெட்டுறதுக்கு இல்ல," என்றார் ஓசியா. "இத வச்சு அடிச்சா திரி துண்டு துண்டாப் போகும். படகு துறைமுகம் தாண்டுறதுக்குள்ள மூழ்கும். நீ தலைநகரத்துக்காரன், உன்னச் சொல்லிக் குத்தமில்ல."

மூன்று உளிகளைத்தான் அவன் தீட்டியிருந்தான். அரம் போட்டு மழுக்கிவிடலாம். ஓசியா ஒவ்வொன்றையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆணியால் தட்டினார். ஆறு உளிகள் கோயில் மணியின் குட்டிபோலப் பாடின. ஒன்று தகரம்போல் கரகரத்தது, உள்ளே கீறல். அதைக் கடல் குவியலில் போட்டார்.

கடைசியாகக் கொட்டாப்புளி. இரும்புபோலக் கனக்கும் குவாயக் மரம். தலையின் குறுக்கே நீளப் பிளவு விட்டு, இரண்டு முனையிலும் இரும்புப் பூண் இறுக்கியது. பிளவு விடுவது சத்தத்துக்காக. உளி சரியாக இறங்குகிறதா என்பதைக் கலப்பத்துக்காரன் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் கேட்கிறான். ஒவ்வொரு கொட்டாப்புளிக்கும் ஒரு குரல் உண்டு.

கடையின் பின்புறம் ஒரு பழைய தோணி கிடந்தது. ஓசியா அதன் இடுக்கில் உளியை வைத்து ஒரு அடி அடித்தார்.

டிங் என்று எழுந்த ஒலி குடாவின் எதிர்க்கரை வரை போய்த் திரும்பியது. படகோட்டிகள் "ஆஹா" என்றார்கள். ஓசியா அசையாமல் நின்றார். அந்தச் சத்தத்தை அவர் கேட்டு அறுபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது தந்தையின் கொட்டாப்புளி அல்ல.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் போகட்டும் என்று உளிகளின் தலையைத் திருப்பிப் பார்த்தார். அடிபட்டு அடிபட்டு இரும்பு ஒரு பக்கமாக வழிந்திருந்தது. கட்டைவிரல் தேய்த்த பள்ளம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. வலக்கையில் உளி பிடித்து இடக்கையால் அடித்தவன். வின்ட்வர்டில் அப்படி அடித்தவன் ஒரே ஒருவன்தான்: இடக்கை ஜெர்வேஸ் மாத்யூரின்.

"என்ன மாஸ்டர், அப்பாவோடதுதானே?" என்றான் ரோலண்ட்.

கெல்லன் காதோரம் குனிந்தான். அவனும் வழிசலைப் பார்த்திருந்தான். "ஆமான்னு சொல்லிருங்க மாமா. யாருக்குத் தெரியப் போகுது? கனவுக்கும் மரியாதை, ஊர்லயும் பேரு. விலைய நான் பேசிக்கிறேன்."

ஓசியா நிமிர்ந்தார். பாதாம் மர நிழலுக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்கப்பாவோடது இல்ல."

பிறகு யாரோ, "அப்ப கனவு யாரோடதுய்யா?" என்று கேட்க, கூட்டம் சிரித்து ஓய்ந்தது. ஓசியா ஆறு உளிகளையும் வரிசையாக அடுக்கினார்.

"மெக்கரோ பேருக்கு நீ வச்ச விலை நாலாயிரம்," என்றார் ரோலண்டிடம். "அந்தப் பேரு இதுல இல்ல. ஆறு உளி, ஒரு கொட்டாப்புளி. அது மட்டும் வேணும். ஆயிரத்து இருநூறு. மிச்சத்தச் சுவருக்கு வித்துக்க. எங்க வாங்கின?"

ரோலண்ட் தலையைச் சொறிந்தான். "மலைமேல இருக்குற மிஸ் யூஜினிகிட்ட. கூரைத் தகரம் குடுத்து எடுத்தேன்."

"நாளைக்கு வந்து காசு தரேன். அதுக்கு முன்னால எனக்கு ஒரு வேலை இருக்கு."

"காசு குடுத்தா உங்களுது மாஸ்டர். இன்னும் என்ன வேலை?"

கெல்லன்தான் பதில் சொன்னான். "செத்தவன் உளியக் காசு குடுத்து வாங்கினா இரும்புதான் வரும் ரோலண்ட். அவன் வீட்டுக்காரங்க 'அடி'ன்னு வாயால சொல்லணும். சொல்லாத உளியால மூடின இடுக்கு ஒழுகும்."

*

யூஜினி ஜெர்வேஸின் ஒரே மகள். எழுபத்தெட்டு வயது. மெக்கரோ வீட்டுக்காரர்களும் மாத்யூரின் வீட்டுக்காரர்களும் கோயிலில் இடப்பக்கம் வலப்பக்கமாக உட்கார்ந்து அறுபத்திரண்டு வருஷம் ஓட்டியவர்கள். இழவு வீட்டில்கூட ஒருவர் போனபிறகுதான் மற்றவர் வருவார்.

மறுநாள் காலையில் ஓசியா போனபோது புதுத் தகரத்தின் கீழே அவள் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். ஓசியா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"காலை வணக்கம் மிஸ் யூஜினி."

"உக்காரு. நின்னா உங்கப்பன் மாதிரியே இருக்க. எனக்கு வாய் கசக்குது."

உட்கார்ந்தார், முதுகு நாற்காலியில் படாமல்.

"ரோலண்ட் கடையில அடிச்சியாமே. சத்தம் கேட்டுச்சான்னு கேக்காத. டிரெல் குடா சத்தம் இங்க கேக்காது. ஆனா நீ வர்றதுக்கு முன்னாலயே நாலு பேரு வந்து சொல்லிட்டாங்க. 'உங்கப்பாவோடது இல்ல'ன்னு சொன்னியாம்."

"இல்லதான்."

"யாரோடதுன்னு சொல்லலையாம்."

ஓசியா தொப்பியின் விளிம்பைச் சுற்றினார். "படகு காயுது மிஸ் யூஜினி. நீங்க 'அடி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே ஆரம்பிச்சிருவேன்."

"நல்ல உளியா?"

"என் ஆயுசுல அப்படி உளி கையில பட்டதில்ல."

"நாலு தகரத்துக்குக் குடுத்தேன்." அவள் ஒரு துவரைக் காயை உடைத்தாள். "மழை உள்ள வந்தப்ப எனக்கு வேற வழி தெரியல. அப்பாவுக்குப் பிறகு அத எடுக்க எங்க வீட்டுல கை இல்ல. சரி. லேடி ரூத்துக்குக் கலப்பத்து அடிச்சது யாரு?"

லேடி ரூத் யோவாப் கட்டிய பெரிய கப்பல். நாற்பது வருஷம் ஓடியும் அடியில் தண்ணீர் இறைக்கப் பம்பைத் தொடவேண்டியிருந்ததில்லை. மரம் வெட்டியதிலிருந்து கலப்பத்துவரை எல்லாம் மெக்கரோ கை என்பது அந்த வீட்டின் வேதம். மெக்கரோ பிள்ளைகள் ஆமென் சொல்லப் பழகுவதற்கு முன் அதைச் சொல்லப் பழகுவார்கள்.

"கப்பல் இறக்குன அன்னிக்கு உனக்கு ஒம்பது வயசு. நீ அங்க நின்னுக்கிட்டு இருந்த," என்றாள் யூஜினி. "நானும் நின்னேன். உங்கப்பன் ரம் ஊத்தி, வேலை செஞ்சவங்க பேர ஒவ்வொண்ணாச் சொன்னான். அடிமரம் ஏரா வெட்டினவன் பேரு, விலா வங்கு வளைச்சவன் பேரு, சோறு பொங்கினவ பேருகூடச் சொன்னான். எங்கப்பா கைய இடுப்புல வச்சுக்கிட்டு அவர் பேருக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு. அது வரல. 'வெட்டு'ன்னு கத்திட்டான், முட்டுக்கட்டைய வெட்டிக் கப்பல இறக்கிட்டாங்க."

"அன்னிக்குக் காலையில உங்கப்பா எல்லார் முன்னாலயும் எங்கப்பாவ அவமானப்படுத்தினார்."

"என்ன அவமானம்? கீழ்ப்பலகை கோணலாத் தச்சிருக்கு, இடுக்கு விரல் அகலம் இருக்கு, மூணு திரி வச்சு மூடியிருக்கேன்னு சொன்னாரு. பொய்யா?"

ஓசியா வெளியே பார்த்தார். அந்த இடுக்கில் அவரே விரலை விட்டு விளையாடியிருக்கிறார்.

"பொய்யில்ல," என்றார் கடைசியில்.

"அதுக்கப்புறம் அவரு இந்தக் கரையில உளிய எடுக்கல. பெட்டிட் மார்ட்டினிக் தீவுக்குப் போய் மீன் குத்தினாரு, செத்தாரு." அவள் தொலியைத் தட்டிவிட்டாள். "உன் கனவுக் கதை எனக்கும் வந்து சேந்துச்சு. உங்கப்பன் இடுக்குல கைய வச்சானாமே. அவன் இரும்பு கேக்க வந்தான்னு நீ நெனச்ச. ஏன்டா, படகு கட்டத் தெரியுது, கனவு படிக்கத் தெரியல. மூணு திரி போட்ட இடத்துல கை வச்சுக் காட்டியிருக்கான். வேற என்னத்துக்கு?"

"இப்ப என்ன சொல்லணும்ங்கிறீங்க?"

"உன் படகு இறங்குற அன்னிக்கு ரம் ஊத்திச் சொல்லு. லேடி ரூத்த மூடினது ஜெர்வேஸ் மாத்யூரின். அவ்வளவுதான்."

"சீமையில ஹடர்ஸ்ஃபீல்டுல இருந்து என் தம்பி குடும்பம் இருபது பேரு வந்திருக்காங்க. சட்டையில அச்சடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியுறாங்க, 'லேடி ரூத், மெக்கரோ கை'ன்னு."

"துணிதானே. துவைச்சாப் போயிரும்."

"எங்கப்பா பேரு மிஸ் யூஜினி."

"எங்கப்பா பேரு ஓசியா."

அவள் இன்னொரு பிடி துவரையை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு ஓசியா எழுந்து நின்றார். "சொல்றேன்."

"அப்ப அடி," என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "இடக்கைக்கு வழிஞ்ச தலை, பாத்து அடி. கட்டைவிரல் போயிரும்."

*

பதினோரு நாள் அந்தக் கரையில் டிங் டிங் என்ற சத்தம் ஓயவில்லை. விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறியதும் நிறுத்தி, சாயங்காலம் மறுபடியும். ஓசியா வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுத்தார். தீட்டிய மூன்று வாய்களையும் மழுக்கினார். இரண்டாம் நாள் கட்டைவிரலில் ஒரு அடி வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் உளியை வலக்கைக்கு மாற்றிப் பிடித்து, இடக்கையால் மெதுவாக அடிக்கப் பழகினார். திரி வெண்ணெய்போல இறங்கியது.

யூஜினிக்குக் கொடுத்த வாக்கை இடாலினிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் கொஞ்சநேரம் களியைக் கிண்டிவிட்டு, "உன் தம்பி குதிப்பான்," என்றாள்.

"குதிக்கட்டும்."

"சொல்லாம விட்டா?"

"இடுக்கு ஒழுகும்."

"நெசமா ஒழுகுமா, இல்ல உனக்கு ஒழுகுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார்.

இறக்கும் நாளில் கரை நிறைந்துவிட்டது. ஆட்டு ரத்தம் தளத்தில் தெளித்தாயிற்று, பாதிரியார் தீர்த்தம் தெளித்தாயிற்று, பெரிய அண்டாக்களில் சோறும் துவரையும் சங்குச்சதையும் வெந்துகொண்டிருந்தன. படகைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளில் கட்டைக்கு ஒரு ஆளாகக் கோடரியோடு நின்றார்கள். பெயர் சொல்லி முடித்து உரிமையாளன் குரல் கொடுத்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டவேண்டும். படகு பக்கவாட்டில் சாய்ந்து, உருளைகளில் ஏறி, கடலுக்குப் போகும்.

ஓசியா ரம் போத்தலோடு முன்தளத்தில் ஏறினார். அச்சடித்த சட்டைகள் முதல் வரிசையில் நின்றன. ஏரா வெட்டிய கெல்லனின் பெயர், பலகை சுமந்தவர்களின் பெயர், சமைத்த இடாலினின் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு ரம். பிறகு நிறுத்தினார். கோடரிகள் உயர்ந்தன.

"இன்னும் முடியல," என்றார். கோடரிகள் இறங்கின. "இந்தப் படகுக்குக் கலப்பத்து அடிச்ச உளி ஜெர்வேஸ் மாத்யூரினோடது. லேடி ரூத்துக்கும் அவர்தான் அடிச்சாரு."

முதல் வரிசையில் தம்பி வாயைப் பிளந்தான். "என்னண்ணே சொல்ற?" என்றது அவன் குரல், காற்றில் பாதி. பின்னால் கூட்டம் சலசலத்தது. கூட்டத்தின் கடைசியில், பாதிரியாரின் நாற்காலியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த யூஜினி காதோரம் கையைக் குவித்தாள்.

"காத்துல கேக்கல ஓசியா! இன்னொரு தரம் சொல்லு!"

சிரிப்பு எழுந்தது. ஓசியா சிரிக்கவில்லை. முதுகை இன்னும் நேராக்கினார். தந்தை நின்ற அதே நிலையில் நின்று, தந்தைக்கு இருந்த அதே பெரிய குரலில், அவள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்:

"லேடி ரூத்தோட கீழ்ப்பலகைய எங்கப்பா யோவாப் மெக்கரோ கோணலாத் தச்சாரு. இடுக்கு என் விரல் நுழையுற அகலம் இருந்துச்சு. மூணு திரி வச்சு அத மூடினது இடக்கை ஜெர்வேஸ் மாத்யூரின். அந்தக் கப்பல் நாப்பது வருஷம் மூழ்காம இருந்தது அவரால. அவர் பேர இந்தக் கரையில யாரும் சொல்லல. நான் சொல்றேன்."

போத்தலில் மிச்சமிருந்த ரம் முழுவதையும் ஊற்றினார். கடைசிச் சொட்டு பலகையில் விழும்வரை காத்திருந்தார். யூஜினி குவித்த கையைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெட்டு!" என்றார் ஓசியா.